ஆபரேஷனுக்கு வசூல் செய்வதற்கு முன்னால் ஒரு வசூல் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செப்டம்பர் 29 உலக இதய தினம். உலக இதயக் கூட்டமைப்பு 2000-ம் ஆண்டிலிருந்து இதை நடத்தி வருகிறது. மதுரையிலும் அந்த வாரத்தில் எங்காவது ஒரு நடைப்பயணம் இருக்கும், சிவப்பு டீ-சர்ட், பலூன், பேனர், கடைசியில் ஒரு குரூப் போட்டோ. நடப்பது நல்லதுதான், வருகிறவர்களும் நல்ல மனதோடுதான் வருகிறார்கள். ஆனால் இதயத்துக்கென்று ஊர் கூடிச் சேர்க்கிற பணம் எதற்குப் போக வேண்டும் என்பதை நாம் ஒருமுறை உட்கார்ந்து பேச வேண்டும் என்று எனக்குப் பல வருடமாகத் தோன்றுகிறது. அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், ஊர் செக்கானூரணி. இங்கிருந்து உசிலம்பட்டி வரைக்கும் சொந்தபந்தத்தில் கல்யாணம், காதணி விழா என்றால் மொய் எழுத என்னை உட்கார வைத்துவிடுவார்கள். அதனால் எங்கள் பக்கத்தில் பணம் எப்படிச் சேருகிறது, எவ்வளவு வேகமாகச் சேருகிறது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்க்கிறவன்.

எங்கள் ஊர்களில் ஒருத்தர் மாரடைப்பில் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார் என்றால் மறுநாள் பொழுது விடிவதற்குள் வாட்ஸ்அப்பில் படம் வந்துவிடும். மூக்கில் குழாய் வைத்த முகம், கீழே கியூஆர் கோடு, "உங்களால் முடிந்ததைச் செய்யுங்கள் உறவுகளே" என்று ஒரு வரி. ஆட்டோ ஸ்டாண்டில் உண்டியல் குலுக்குவார்கள், சிங்கப்பூரில் இருக்கிற பையன்கள் அனுப்புவார்கள், சித்தாள் வேலைக்குப் போகிற அக்கா கூட முடிச்சை அவிழ்த்து இருநூறு ரூபாய் கொடுக்கும். இந்த மனசை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன். இந்த மண்ணில் கொடுக்கிற குணத்துக்குக் குறைச்சலே இல்லை. கொடிக்குளத்துப் பூரணம் அம்மாள் தன் மகள் நினைவாக அரசுப் பள்ளிக்கு ஒன்றரை ஏக்கர் நிலத்தை எழுதிக் கொடுத்ததை 2024-ல் நாடே பார்த்தது. 2020 கொரோனா காலத்தில், மதுரையில் யாசகம் எடுத்த ஒரு பெரியவர், சேர்ந்த காசைப் பத்தாயிரம் பத்தாயிரமாக ஆட்சியர் அலுவலகத்தில் நிவாரண நிதிக்குத் திரும்பத் திரும்பக் கொண்டு வந்து கொடுத்தார். இப்படிப்பட்ட ஊரில் பணம் எங்கே போய் விழ வேண்டும் என்று கொஞ்சம் திட்டம் போட்டால் எத்தனை பேரைக் காப்பாற்றலாம் என்பதுதான் என் ஆதங்கம்.

ஏனென்றால், அப்படிச் சேருகிற பணம் ஆஞ்சியோவுக்கும் ஸ்டென்டுக்கும் பைபாஸுக்கும் போகிறது. அவற்றுக்குத்தான் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறதே! ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிற குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை. அரசு மருத்துவமனையிலும் பார்க்கலாம், திட்டத்தில் சேர்ந்திருக்கிற தனியார் மருத்துவமனையிலும் பார்க்கலாம். ராஜாஜி அரசு மருத்துவமனையில் இதயநோய்ப் பிரிவும் இருக்கிறது, ஆஞ்சியோ பார்த்து ஸ்டென்ட் வைக்கிற கேத் லேபும் இருக்கிறது. ரேஷன் கார்டு, ஆதார், விஏஓ கொடுக்கிற வருமானச் சான்று, இவ்வளவுதான் வேண்டும். ஆட்சியர் அலுவலகத்தில் இதற்கென்றே கவுன்டர் இருக்கிறது, சந்தேகம் கேட்க 1800 425 3993 என்ற இலவச எண்ணும் இருக்கிறது. இவ்வளவு இருந்தும் எத்தனையோ வீடுகளில் அட்டை கிடையாது. கேட்டால், "அதெல்லாம் அப்புறம் எடுத்துக்கலாம் சார், இப்ப யாருக்கு என்ன வந்துச்சு" என்பார்கள். ஆள் படுத்த பிறகு அட்டைக்கு அலைவது எவ்வளவு கொடுமை என்பது அலைந்தவர்களுக்குத்தான் தெரியும்.

எங்கள் தெருவில் லோடு ஆட்டோ ஓட்டுகிற தம்பி ஒருவர், நாற்பதுகளில் இருப்பவர். ராத்திரி சாப்பிட்டு முடித்துப் படுத்தவருக்கு நெஞ்சில் அமுக்கம், இடது கை வரைக்கும் இழுத்தது, வியர்வை கொட்டியது. வீட்டில் வாயு என்று நினைத்துச் சோடா வாங்கிக் கொடுத்தார்கள், அப்புறம் ஓமத் தண்ணீர், அப்புறம் மெடிக்கலில் ஒரு கேஸ் மாத்திரை. விடியற்காலையில் பைக்கில் முன்னால் ஒருத்தர், பின்னால் ஒருத்தர், நடுவில் இவரை உட்கார வைத்துக் கூட்டிப் போனார்கள். அதுவும் நேராக வசதி உள்ள இடத்துக்குப் போகவில்லை. முதலில் ஒரு சின்ன தனியார் மருத்துவமனை, அங்கே ஊசி போட்டு "சாயங்காலம் வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். ஈசிஜி எடுக்கவே மதியம் ஆகிவிட்டது. உயிர் பிழைத்துக்கொண்டார், அதுவே பெரிய விஷயம். ஆனால் இதயத்தின் பம்பிங் குறைந்துபோய்விட்டது, இனி மூட்டை தூக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். காப்பீட்டு அட்டை இல்லை. ஊர் சேர்ந்து பணம் போட்டது, கணிசமாகவே சேர்ந்தது, அத்தனையும் பில்லுக்குப் போனது. இன்றைக்கு அந்த வீட்டுக்கு வருமானம் இல்லை, மாதா மாதம் மாத்திரை வாங்கக் கஷ்டம். ஊரும் ஒருமுறை கொடுத்துவிட்டதால் மறுபடி கேட்க அவர்களுக்கும் வாய் வரவில்லை.

இந்த ஒரு வீட்டிலேயே ஊர்ப் பணம் எங்கெல்லாம் முன்கூட்டி போயிருக்க வேண்டும் என்பது தெரிகிறது. நெஞ்சு வலித்தால் என்ன செய்ய வேண்டும் என்று அந்த வீட்டுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவருக்கு பிரஷர் இருந்தது முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும், அது தெரிய வந்ததே ஆஸ்பத்திரியில்தான். அட்டை கையில் இருந்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகு மாத்திரை நிற்காமல் கிடைத்திருக்க வேண்டும். இந்த நான்கும் லட்சக்கணக்கில் செலவு வைக்கிற காரியமே இல்லை, தெருவே பார்த்துக்கொள்ளக் கூடிய செலவு.

முதலில் அந்த நெஞ்சு வலி விஷயம். மாரடைப்பு என்பது இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாயில் ரத்தக்கட்டி அடைத்துக்கொள்வது. அடைத்த நேரத்திலிருந்து அந்தப் பகுதித் தசை சாக ஆரம்பிக்கிறது, போன தசை திரும்ப வராது. முதல் ஒரு மணி நேரத்துக்குள் போனால் கட்டியைக் கரைக்கும் ஊசியோ ஸ்டென்டோ நன்றாக வேலை செய்யும், 12 மணி நேரம் தாண்டிவிட்டால் பலன் பெரிதும் குறைந்துவிடும். நெஞ்சின் மேல் கல்லைத் தூக்கி வைத்த மாதிரி அமுக்கம், தாடை, கழுத்து, தோள், கை, முதுகு பக்கம் பரவுகிற வலி, வியர்வை, மூச்சுத் திணறல், வாந்தி வருகிற உணர்வு, இவையெல்லாம் அறிகுறி. பெண்களுக்கும் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் நெஞ்சு வலியே பெரிதாக இல்லாமல் வெறும் அசதியும் மூச்சு வாங்கலுமாக வரலாம். அம்மாமார்கள் அதைச் சொல்லாமல் அடுப்படியில் நின்றுகொண்டே இருப்பார்கள், அவர்கள் முகம் வாடினால் வீட்டில் இருக்கிறவர்கள்தான் கவனிக்க வேண்டும். வாயுவா மாரடைப்பா என்று வீட்டில் உட்கார்ந்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது, ஈசிஜி எடுத்தால்தான் தெரியும், சில சமயம் அதைக்கூட திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். சோடாக் கடைக்கு ஓடுகிற நேரத்தில் 108-ஐக் கூப்பிட வேண்டும். பைக்கில் நடுவில் வைத்துக் கூட்டிப்போகக் கூடாது, வழியில் இதயம் நின்றுபோனால் பைக்கில் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

இன்னொரு விஷயம் நிறையப் பேருக்குத் தெரியவில்லை. 2023-ல் தமிழக அரசு 'இதயம் காப்போம்' என்று ஒரு திட்டம் கொண்டு வந்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் மாரடைப்பு அறிகுறியோடு வருகிறவருக்கு உடனே கொடுக்க 14 மாத்திரை கொண்ட ஒரு தொகுப்பு வைத்திருக்கிறார்கள். ஆஸ்பிரின் 2, குளோபிடோகிரல் 4, அட்டோர்வாஸ்டாடின் 8. கட்டி மேலும் பெரிதாகாமல் தடுத்து, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருகிற வரைக்கும் நேரம் வாங்கிக் கொடுக்கிற மாத்திரைகள் அவை. நம் ஊர் சுகாதார நிலையத்திலேயே அது இருக்கிறது என்று தெரியாமல், அதைத் தாண்டி வண்டியை மதுரைக்கு விடுகிறோம். (வீட்டில் தாமாகவே வாங்கிப் போட்டுக்கொள்ளச் சொல்லவில்லை. ரத்தக்கசிவு, வயிற்றுப் புண் உள்ளவர்களுக்கு ஆஸ்பிரின் ஆகாது, டாக்டரோ நர்ஸோ பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.) இந்த ஒரு தகவலைத் தெருவுக்குத் தெரு பெயின்டில் எழுதி வைக்க என்ன செலவாகும்? ஒரு நடைப்பயணத்துக்கு அடிக்கிற டீ-சர்ட் காசில் ஒரு ஒன்றியம் முழுக்கச் சுவரில் எழுதிவிடலாம். பக்கத்தில் எந்தச் சுகாதார நிலையம், ராத்திரியில் திறந்திருக்குமா, ஈசிஜி எங்கே எடுப்பார்கள், 108. இவ்வளவு போதும், தலைவர்கள் படம் எதுவும் வேண்டாம்.

பிரஷர் விஷயத்துக்கு வருகிறேன், எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். பிரஷர் வலிக்காது. 140/90-க்கு மேல் வருடக்கணக்கில் இருந்தாலும் ஆள் நன்றாகத்தான் இருப்பார், ஆடு மேய்ப்பார், கபடி மேட்ச் பார்ப்பார். உள்ளே ரத்தக் குழாய் கெட்டுக்கொண்டே இருக்கும். 52 நாடுகளில் நடத்திய இன்டர்ஹார்ட் ஆய்வில், நம்மைப் போன்ற தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களை விட ஏறத்தாழ 6 வருடம் முன்னதாகவே வருகிறது என்று கண்டார்கள். புகை, பிரஷர், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, தொப்பை, மன அழுத்தம், காய் பழம் தின்னாதது, உடம்பை அசைக்காதது உள்ளிட்ட ஒன்பது காரணங்கள்தான் பெரும்பாலான மாரடைப்புக்குப் பின்னால் இருக்கின்றன என்றும் அதே ஆய்வு சொன்னது. இதில் முக்கால்வாசி முன்கூட்டியே கண்டுபிடிக்கக் கூடியவை. நல்ல டிஜிட்டல் பிரஷர் மிஷின் ஒன்று இரண்டாயிரம் ரூபாய் அளவில் கிடைக்கிறது. ஒரு கோயில் திருவிழாவில் வாணவேடிக்கைக்கு விடுகிற காசில் ஒவ்வொரு தெருவுக்கும் ஒன்று வாங்கி வைத்துவிடலாம்.

மிஷினை வாங்கி வைத்தால் மட்டும் போதாது, எப்படிப் பார்ப்பது என்று பிளஸ் டூ படிக்கிற பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். வெயிலில் நடந்து வந்தவரை அப்படியே பிடித்துப் பட்டையைக் கட்டக் கூடாது. ஐந்து நிமிடம் முதுகு சாய்ந்து பேசாமல் உட்கார வேண்டும், அரை மணி நேரத்துக்கு முன்னால் காபியோ பீடியோ கூடாது, கை இதயத்தின் உயரத்தில் இருக்க வேண்டும், இரண்டு முறை பார்த்துக் குறிக்க வேண்டும். அதிகம் வந்தால் சுகாதார நிலையத்துக்குத்தான் அனுப்ப வேண்டும், பிள்ளைகள் வைத்தியம் சொல்லக் கூடாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷருக்கும் சர்க்கரைக்கும் வீட்டுக்கே மாத்திரை கொண்டு வந்து கொடுக்கிறார்கள். நம்ம வேலை, பட்டியலில் வராமல் விட்டுப்போன ஆளை அடையாளம் காட்டுவது. காலையில் வேலைக்குப் போய் ராத்திரி வருகிற ஆம்பளைகள்தான் அதிகம் விட்டுப்போகிறார்கள், செவிலியர் அக்கா வருகிற நேரத்தில் அவர்கள் வீட்டில் இருப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை கறிக்கடை வாசலில் ஒரு மேசை போட்டால் அத்தனை பேரையும் பிடித்துவிடலாம்! நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அந்த ஒரு இடத்துக்கு எல்லா வீட்டு ஆம்பளைகளும் வந்துதான் தீர வேண்டும். சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வரும் வழியெல்லாம் நீர்மோர்ப் பந்தல் போடுகிறோமே, அங்கேயும் ஓரமாக ஒரு மேசை போடலாம்.

சரி, பணம் எப்படிச் சேர்ப்பது? புதிதாக எதுவும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. எங்கள் பக்கத்தில் கோயில் திருவிழா என்றால் தலைக்கட்டு வரி போடுகிறோம், யாரும் மறுப்பதில்லை. அதோடு தலைக்கட்டுக்கு நூறு ரூபாய் இதயத்துக்கென்று சேர்த்தால் முந்நூறு தலைக்கட்டு உள்ள ஊரில் முப்பதாயிரம் ரூபாய். அடுத்தது மொய். மண்டபத்து வாசலில் மொய் மேசையில் இன்றைக்குக் கம்ப்யூட்டரே வந்துவிட்டது, பெயர் சொன்னதும் ஊர், தகப்பனார் பெயர், பட்டப்பெயர் எல்லாம் அடித்து ரசீது கொடுத்துவிடுகிறார்கள். அந்த மேசையிலேயே ஓரத்தில் இன்னொரு நோட்டு இருக்கட்டும். மொய் செய்கிறவர் இஷ்டப்பட்டால் அதில் ஐம்பதோ நூறோ எழுதலாம். விசேஷம் வைக்கிற வீட்டுக்காரர் முதல் பெயராகத் தன் பெயரை எழுதினால் பின்னால் வருகிறவர்கள் தானாக எழுதுவார்கள், இத்தனை வருடம் மொய் மேசையில் உட்கார்ந்த அனுபவத்தில் சொல்கிறேன். ஒரே ஒரு நிபந்தனை, கட்டாயம் கூடாது. ஏற்கெனவே மொய்க்கடன் கட்டவே வட்டிக்கு வாங்குகிற குடும்பங்கள் இருக்கின்றன, அவர்கள் தலையில் இன்னொரு பாரத்தை ஏற்றிவிடக் கூடாது.

மொய் நோட்டில் யாரும் ஏமாற்றுவதில்லை. காரணம், இருபது வருடம் கழித்தும் எடுத்துப் பார்ப்பார்கள். பெட்டிக்குள் துணி சுற்றி வைத்திருக்கிற பழைய நோட்டு எத்தனை வீட்டில் இருக்கிறது! இதய நோட்டுக்கும் அந்தக் கட்டுப்பாடு வர வேண்டும். வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, கையிருப்பு இவ்வளவு என்று ரேஷன் கடைச் சுவரில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒட்ட வேண்டும், திருவிழா கணக்கு வாசிக்கிற அன்றைக்கு மைக்கில் வாசிக்க வேண்டும். தனி ஆள் வங்கிக் கணக்கில் பணம் போகவே கூடாது, இரண்டு பேர் கையெழுத்து போட்டால்தான் எடுக்க முடியும் என்கிற கணக்கு வேண்டும், அதில் ஒருவர் மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்தவராக இருந்தால் எனக்கு நிம்மதி. செல்போனில் வருகிற உதவி கேட்கும் படங்களில் எது உண்மை, எது எங்கிருந்தோ எடுத்து ஒட்டியது என்று தெரியாமல் நல்ல மனிதர்கள் கூடக் கையை மடக்கிக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்கள். கணக்குத் தெரிந்தால் அவர்கள் திரும்ப வருவார்கள். அப்புறம் நோயாளியின் படத்தை, அதுவும் குழந்தை படத்தை பேனரில் போடுவதை நிறுத்த வேண்டும். உதவி வாங்கினதற்காக அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் பேச்சு வாங்க வேண்டியதில்லை.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு நம்ம பக்கத்திலேயே பதில் இருக்கிறது. டாக்டர் வெங்கடசாமி அரசு வேலையில் ஓய்வுபெற்ற பிறகு 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு ஆரம்பித்ததுதான் அரவிந்த் கண் மருத்துவமனை. கிராமத்துக்குக் கிராமம் அவர்கள் நடத்திய கண் முகாம்களை உள்ளூர்க்காரர்கள்தான் ஏற்று நடத்தினார்கள். அரிமா சங்கம், ரோட்டரி, பள்ளிக்கூடம், ஊர்ப் பெரியவர்கள் என்று ஒவ்வொரு ஊரிலும் யாரோ ஒருவர் இடம், விளம்பரம், சாப்பாடு என்று பொறுப்பெடுத்தார்கள், கண் பார்ப்பதை டாக்டர்கள் பார்த்துக்கொண்டார்கள். இன்றைக்கு எங்கள் ஊர் அப்பத்தாக்கள் யாரும் கண்புரை என்றால் பயப்படுவதில்லை, பஸ்ஸில் கூட்டிப்போய் ஆபரேஷன் செய்து கொண்டு வந்து விடுவார்கள் என்று தைரியமாக இருக்கிறார்கள். பக்கத்தில் விருதுநகரில் வியாபாரிகள் மகமை போட்டு, அதாவது வியாபாரத்தில் ஒரு சிறு பங்கைப் பொதுக் காரியத்துக்கு ஒதுக்கி, 1889-லேயே பள்ளிக்கூடம் கட்டினார்கள். வீடு வீடாகப் பிடி அரிசி வாங்கி நடத்திய அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் காமராஜர் படித்தார். மதுரையில் கீழமாசி வீதியிலும் வெங்காய மார்க்கெட்டிலும் இருக்கிற வியாபாரச் சங்கங்களுக்கு மகமை என்றால் என்ன என்று நான் சொல்லித் தர வேண்டியதில்லை, மூட்டை தூக்குகிற தொழிலாளர்களுக்காவது வருடத்தில் ஒருமுறை பிரஷரும் சர்க்கரையும் பார்க்க அவர்கள் ஏற்பாடு செய்தால் புண்ணியமாகப் போகும். எந்தச் சங்கம் செய்தாலும் தன் ஆளுக்கு மட்டும் என்று வைக்காதீர்கள். அடைப்பு வருகிற குழாய் எல்லாருக்கும் ஒன்றுதான்.

சிபிஆர், அதாவது இதயம் நின்றவருக்கு நெஞ்சை அமுக்கிச் செய்கிற முதலுதவி, அதன் பயிற்சிக்கும் இந்த நிதியில் இடம் வேண்டும். மாரடைப்பு வந்தவர் பேசிக்கொண்டு இருக்கலாம், அவருக்கு நெஞ்சை அமுக்கத் தேவையில்லை. இதயமே நின்றுபோனால் ஆள் சுருண்டு விழுவார், கூப்பிட்டால் பதில் இருக்காது, மூச்சும் சரியாக இருக்காது. அப்போது ஒவ்வொரு நிமிடம் தாமதத்துக்கும் பிழைக்கிற வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைந்துகொண்டே போகும், ஆம்புலன்ஸ் எவ்வளவு வேகமாக வந்தாலும் அந்த நிமிடங்கள் பக்கத்தில் நிற்கிறவர் கையில்தான் இருக்கின்றன. நெஞ்சின் நடுவில் ஒரு கை மேல் இன்னொரு கையை வைத்து, முழங்கை மடங்காமல், 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஒவ்வொரு முறையும் நெஞ்சு மேலே எழும்பி வர விட்டு அமுக்க வேண்டும், 108 வருகிற வரைக்கும் விடக் கூடாது. படித்தால் வராது, பொம்மையை வைத்துச் செய்து பார்த்தால்தான் கை பழகும். பொம்மை ஒன்று வாங்கினால் ஒன்றியம் முழுக்கச் சுற்றில் விடலாம். 108 ஊழியர்கள், செஞ்சிலுவைச் சங்கத்தினரைக் கூப்பிட்டால் வந்து சொல்லிக் கொடுப்பார்கள். பாலமேடு, அலங்காநல்லூர் வாடிவாசலுக்குப் போகிற மாடுபிடி வீரர்களுக்கும் ஜிம்முக்குப் போகிற பையன்களுக்கும் ஆட்டோ ஸ்டாண்டுகளுக்கும் முதலில் சொல்லிக் கொடுக்க வேண்டும். "தனியாக இருக்கும்போது மாரடைப்பு வந்தால் பலமாக இருமிக்கொண்டே இருங்கள்" என்று வருடா வருடம் ஒரு செய்தி சுற்றுகிறதே, அதை நம்பி யாரும் இருமிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம், அதற்கு மருத்துவ ஆதாரம் கிடையாது.

இளவயதில் சாகிறவர்களைப் பற்றிய வதந்தியையும் சொல்லிவிடுகிறேன். எல்லாம் கொரோனா ஊசியால்தான் என்று டீக்கடையில் முடிவு கட்டிவிடுகிறார்கள். 18 முதல் 45 வயது வரை உள்ளவர்களின் திடீர் மரணங்களை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) ஆராய்ந்து 2023-ல் வெளியிட்டது. ஊசி அபாயத்தைக் கூட்டவில்லை. கொரோனாவில் ஆஸ்பத்திரியில் படுத்தது, குடும்பத்தில் முன்பே திடீர் மரணம் நடந்தது, அதற்கு முந்தைய இரண்டு நாளில் அளவுக்கு மீறிக் குடித்தது, கடும் உடற்பயிற்சி போன்றவைதான் கூட்டின. ஊசி மேல் பழியைப் போட்டுவிட்டால் பாட்டிலையும் பீடியையும் பற்றிப் பேச வேண்டியதில்லை, அதனால்தான் அந்த வதந்திக்கு இவ்வளவு மவுசு என்பது என் கருத்து. புகையை விட்ட ஒரு வருடத்தில் இதயநோய் அபாயம் ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது. உப்பு ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம்ம ஊர் பரோட்டா சால்னாவையும் ஊறுகாயையும் அப்பளத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் மத்தியானத்துக்குள்ளேயே அது முடிந்துவிடும்.

ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு வந்தவர்களை ஊர் மறந்துவிடுகிறது. ரத்தம் உறையாமல் தடுக்கிற இரண்டு மாத்திரைகளைப் பெரும்பாலும் ஒரு வருடம் வரை நிறுத்தாமல் போட வேண்டும், அதற்குப் பிறகும் ஒன்று தொடரும். உடம்பு நன்றாக இருக்கிறதே என்றோ காசில்லை என்றோ தாமாக நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளலாம், லட்சங்கள் செலவழித்தது ஒரே நாளில் வீணாகும். அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கிறது, ஆனால் உசிலம்பட்டிக்கு அந்தப் பக்கம் மலையடிவாரத்திலிருந்து வந்து போகிற பஸ் காசும் அன்றைய கூலியும்தான் பலருக்கு இடிக்கிறது. வெளியில் வாங்குவதானால் மக்கள் மருந்தகத்திலும் 2025-ல் திறந்த முதல்வர் மருந்தகங்களிலும் விலை குறைவு. ஊர் நிதியிலிருந்து மாதம் நூறு, இருநூறு கொடுத்தால் ஒரு ஆளின் மாத்திரை நிற்காது. கூடவே இருக்கிற ஆளின் சாப்பாடு, தங்குகிற செலவு இவற்றையும் காப்பீடு தருவதில்லை, பணம் அங்கேதான் போக வேண்டும்.

பிள்ளைகளைப் பற்றி ஒரு பத்தியாவது சொல்லாவிட்டால் ஆசிரியராக இருந்த எனக்கு மனசு கேட்காது. அடிக்கடி தொண்டைப்புண், காய்ச்சல், அதைத் தொடர்ந்து ஒரு மூட்டு விட்டு ஒரு மூட்டு வீங்கி வலிப்பது, இது ருமாட்டிக் காய்ச்சலாக இருக்கலாம். கவனிக்காமல் விட்டால் இதய வால்வு கெட்டுவிடும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடுகிற பென்சிலின் ஊசியை வருடக்கணக்கில் விடாமல் போட்டால் வால்வைக் காப்பாற்றலாம், அந்த ஊசி விலையும் குறைவு. அதைத் தவறவிட்டால் பிறகு வால்வு ஆபரேஷன், அதற்கு ஒரு வசூல். பால் குடிக்கும்போதே வியர்த்துக் களைத்துப்போகிற கைக்குழந்தை, உதடு நீலம் பாய்கிற குழந்தை, எடையே ஏறாத குழந்தை, இவர்களையும் சீக்கிரம் காட்ட வேண்டும். பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வருகிற மருத்துவக் குழு இதயத்தில் ஓட்டை இருக்கிறதா என்பதையும் சேர்த்துத்தான் பார்க்கிறது, அந்த நாளில் பிள்ளையை லீவு போட வைக்காதீர்கள்.

இதையெல்லாம் அரசாங்கமே செய்யட்டும், நமக்கு ஏன் என்று எங்கள் ஊர்க் கூட்டத்தில் ஒரு மாப்பிள்ளை கேட்டார். அரசாங்கத்திடம் கேட்கவும் வேண்டும், நான் மறுக்கவில்லை. எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ராத்திரியிலும் ஈசிஜி எடுக்க ஆள் வேண்டும், உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம், பேரையூர் பக்கத்து நோயாளிகள் மதுரை வந்துதான் ஆக வேண்டும் என்ற நிலை மாற வேண்டும். அதைக் கேட்டு மனு கொடுப்போம். ஆனால் ராத்திரி பதினொரு மணிக்குச் சோடா வாங்கலாமா 108-ஐக் கூப்பிடலாமா என்கிற முடிவை எந்த அரசாங்கமும் நம் வீட்டுக்குள் வந்து எடுக்க முடியாது. வசதி உள்ள குடும்பத்துக்குக் காப்பீடு கிடையாது, சில பெரிய சிகிச்சைகளுக்கு 5 லட்சம் போதாது, அப்படிப்பட்டவர்களுக்கு வசூல் செய்யத்தான் வேண்டும், செய்வோம். மற்றவர்களுக்கு அட்டையை முன்கூட்டியே எடுத்துக் கொடுத்துவிட்டால், மிச்சமாகிற பணம் இவர்களுக்குத்தானே வரும்?

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த செப்டம்பரில் மதுரைப் பதிப்பில் நடைப்பயணப் படங்களோடு ஒரு சின்னக் கட்டம் போடுங்கள். மாவட்டத்தில் எந்தெந்த அரசு மருத்துவமனையில் 24 மணி நேரமும் ஈசிஜி உண்டு, எங்கே ரத்தக்கட்டி கரைக்கும் ஊசி போடுகிறார்கள், காப்பீட்டு அட்டைக்கு எந்த நாளில் எங்கே போக வேண்டும் என்று உங்கள் நிருபர்கள் விசாரித்து எழுதினால், அதை வெட்டிச் சுவரில் ஒட்ட எங்களைப் போன்றவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறோம். எங்கள் ஊரில் வருகிற ஆவணி முகூர்த்தத்தில் ஒரு காதணி விழா மேசையில் முதல் நோட்டைப் போடப் பேசி முடித்திருக்கிறோம், விழா வீட்டுக்காரரே முதல் பெயரை எழுதுவதாகச் சொல்லிவிட்டார். முதல் செலவு பிரஷர் மிஷின், அடுத்தது அட்டை இல்லாத வீடுகளுக்கு ஒரு வேன் வைத்து ஆட்சியர் அலுவலகம் கூட்டிப்போவது. வேறு ஊர்களில் இது போல ஏற்கெனவே நடத்துகிறவர்கள் இருந்தால், கணக்கு எப்படி வைக்கிறீர்கள், எங்கே சிக்கல் வருகிறது என்பதை இதே பகுதிக்கு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
செக்கானூரணி, மதுரை மாவட்டம்.